துவக்கிடு, துவக்கெடு

அத்தியாயம் ஐந்து

சூரிச்சை அடுத்த ஷ்லீரன் ரயில் நிலையத்துக்கு எதிரே, மீன் விற்கும் தமிழ்க் கடையொன்றின் மேல்மாடியில் இருந்தது ஞானேஸ்வரியின் துப்பறியும் அலுவலகம். அங்கே வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பொத்துவார்கள். பிறகுதான் பிரச்சினையைச் சொல்வார்கள். புதன்கிழமை காலை வந்த ஜெனுசன் மூக்கைப் பொத்தவில்லை. பிரச்சினை பெரிது என்று உதவியாளன் யேசுதாசன் அப்போதே முடிவுகட்டிவிட்டான்.

ஜெனுசனுக்கு இருபத்திரண்டு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலை. சூரிச்சில் பிறந்தவன். இலங்கையை வரைபடத்தில் மட்டும் பார்த்தவன். ஆயினும் அவன் பையில் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டு. கல்லூரிக்கு அருகே என்று வேறோர் ஊருக்கு வீடு மாறியதால், குடியுரிமைக்காக அவன் காத்திருந்த ஆண்டுகள் மறுபடியும் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டன. ஒருவழியாக மறுநாள் மாலை, அந்த ஊரின் குடியுரிமைக் குழு அவனை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது.

"நேற்றுப் பின்னேரம் பொலிஸ் கூப்பிட்டு விசாரிச்சது, அன்ரி" என்றான். "நாங்கள் துப்புரவு செய்யிற வீட்டில ஒரு பிஸ்டோலைக் காணேல்லையாம். தால்வில்லில, கிரீவ்ஸ் எண்டு ஒரு அமெரிக்கர். நான்தான் எடுத்தனானாம்."

"உனக்குக் குப்பை எடுக்கத்தானே சம்பளம் குடுக்கினம்" என்றான் யேசுதாசன்.

ஞானேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்த்தார். இருபது ஆண்டுகள் நீதிமன்றங்களில் மொழிபெயர்த்தவர் அவர். ஒரு நீதிபதி, "சாட்சி இவ்வளவு நேரம் பேசினாரே, நீங்கள் ஒரு வரிதான் சொல்கிறீர்கள்" என்று குறைபட்டபோது, "மிச்சத்தில் வினைச்சொல்லே இல்லை" என்று பதிலளித்துவிட்டு, அந்த ஆண்டே வேலையை விட்டார். அவருடைய பார்வைக்கு யேசுதாசன் வாயை மூடினான். நீண்ட நேரத்துக்கு அல்ல.

"இலங்கைக் கடவுச்சீட்டு வச்சிருக்கிற ஆள் இந்த நாட்டில துப்பாக்கி வாங்கவும் ஏலாது, வச்சிருக்கவும் ஏலாது" என்றார் ஞானேஸ்வரி. "சட்டம் அப்பிடி. ஆக, களவு ஒரு குற்றம், கையில வச்சிருந்தது இன்னொரு குற்றம். அதுவரைக்கும் போகத் தேவையில்லை. விசாரணை நடக்குது எண்ட ஒரு வரி காணும். நாளைக்குக் குழு கோப்பை மூடிப்போடும்."

"அதுதான் வந்தனான்" என்றான் ஜெனுசன்.

"அந்த வீட்டில ஆரார் நிண்டது?"

"நானும் சிவகலா அன்ரியும். அவ மேல்மாடி, நான் கீழ. ஸ்பீக்கரில போட்டிருந்த போனில ஒரு பொம்பிளை என்னைப் பிஸ்டோலை எடுக்கச் சொன்னதைக் கேட்டனான் எண்டு அவதான் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறா. அவை ஜெர்மனில கேட்டவை. நான் ஜெர்மனில இல்லையெண்டன்."

"போன் எடுத்தது ஆர்?"

"கலாவதி அக்கா. எங்கட மேற்பார்வையாளர். தமிழ்நாடு. நேற்று மத்தியானமே ஊருக்குப் பிளேன் ஏறிப்போட்டா. அதையும் பொலிஸ் நல்லவிதமா எடுக்கேல்லை."

"அவ சொன்னதை ஒரு எழுத்தும் மாத்தாமல் சொல்லுங்கோ, தம்பி. தமிழில."

ஜெனுசன் நினைவுபடுத்திக்கொண்டு, கலாவதியின் ராகத்திலேயே சொன்னான்: "அவரு வெளிய போனதும் துவக்கிடு."

யேசுதாசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். "அட பாவி. இதைப் பொலிசுக்குச் சொல்லேல்லைத்தானே?"

"ஏன் அண்ணை? துவக்கு எண்டால் ஸ்டார்ட் தானே?"

கீழே கடையில் யாரோ சூரைமீனை வெட்டும் சத்தம் கேட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனுக்கும் துவக்கு என்றால் துப்பாக்கி. யேசுதாசனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் முதலில் முதுகு கூசும். பிறகுதான் பொருள் புரியும். ஆனால் இந்தப் பிள்ளை வீட்டில் கேட்டது 'தொடங்கு'. வேலையிடத்தில் கலாவதியிடம் கற்றது 'துவக்கு'. துப்பாக்கியைக் குறிக்க அவனிடம் 'பிஸ்டோல்' என்ற ஜெர்மன் சொல் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சொல்லைத் தமிழில் அறிய வேண்டிய தேவை அவனுக்கு ஒருநாளும் நேர்ந்ததில்லை.

"தாசன், இரும்" என்றார் ஞானேஸ்வரி. "துவக்கிவிடு எண்டதைப் பேச்சில துவக்கிடு எண்டுவினம். சிவகலா கேட்டது துவக்கெடு. துவக்கு, எடு. பின்னால உயிரெழுத்து வந்தால் குற்றியலுகரம் ஓடிப்போகும். மிஞ்சுறது இகரமோ எகரமோ எண்டதுதான் வித்தியாசம்."

"உகரமும் ஓடிப்போச்சுது, கலாவதியும் ஓடிப்போனா. நிண்டு பிடிபட்டது இவன்."

ஞானேஸ்வரி தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கலாவதியை அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்து வீடொன்றில் மின்விசிறியின் சத்தமும், அதற்கு மேலே கலாவதியின் குரலும் கேட்டன.

"ஐயோ, நான் மிஷினச் சொன்னேங்க. தரை தேய்க்குத மிஷினு. அந்தச் சத்தம் அந்த ஆளுக்கு ஆகவே ஆகாது. அதான் அவரு காரு கெளம்பினதும் துவக்கிடுன்னு சொல்லுவேன். ரெண்டு வருஷமா வாராவாரம் இதத்தான் சொல்லுதேன்."

"சிவகலாவிட்டயும் அந்தச் சொல்லைத்தான் சொல்லுறனீங்களோ?"

"ஆமா. மொத வாரம் மட்டும், 'எங்கட ஊரில துவக்கு எண்டால் சுடுவினம்'னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் பழகிட்டு."

கலாவதி அதைப் பொலிசாருக்கும் சொல்ல ஒப்புக்கொண்டு விடைபெற்றார். யேசுதாசன் கார்ச் சாவியை மேசையில் போட்டான். "சரி அக்கா. வழக்கு முடிஞ்சுது. பொலிசுக்கு ஒரு புணர்ச்சி விதி படிப்பிச்சால் பொடியன் தப்பினான்."

"சொல்லு முடிஞ்சுது. துவக்கு எங்க? அது கிடைக்கும்வரைக்கும் இவன்ர பேர் தாளில இருக்கும்." ஞானேஸ்வரி குளிர்ச்சட்டையை எடுத்தார். "இன்னொண்டு. ரெண்டு வருசமாப் பழகின சொல்லு, நேற்று மட்டும் ஏன் வெடிச்சது?"

*

ரான்டல் கிரீவ்ஸின் வீட்டு வரவேற்பறையிலிருந்து ஏரி முழுவதும் தெரிந்தது. ஏரியும் அதற்கேற்றபடி ஒழுங்காக நடந்துகொண்டது. ஆறடிக்கு மேல் நாலு விரல் உயரமான கிரீவ்ஸ், ஜெனுசனின் தரப்பில் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் இன்னும் மலர்ச்சியானார். தாம் நியாயமானவர் என்பதைக் காட்டும் வாய்ப்பை அவர் தவறவிடுகிறவர் அல்லர்.

"உங்களை முதன்முறையாகச் சந்திப்பதில் மகிழ்ச்சி" என்று ஆங்கிலத்தில் சொல்லி யேசுதாசனின் கையைக் குலுக்கினார்.

யேசுதாசன் அந்தக் கையைப் பார்த்தான். மூன்று நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, ஷ்லீரன் மண்டபமொன்றில், ஒரு பெண்ணின் பூப்பு விழாவான சாமத்தியவீட்டில் இதே கைக்கு அவன் இரண்டு முறை வடை பரிமாறியிருந்தான். மண்டபத்தில் முந்நூறு பேர், பிள்ளையின் தகப்பன் அலுவலக மரியாதைக்கு அழைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர்தான். முந்நூறு பேருக்கும் அந்த ஒருவரை நினைவிருந்தது. அந்த ஒருவருக்கு முந்நூறு பேரும் ஒரே முகம்.

"எனக்கும் மகிழ்ச்சி" என்றான் யேசுதாசன். தமிழில் ஞானேஸ்வரிக்குச் சொன்னான்: "ஞாயிற்றுக்கிழமை வடை தின்ற ஆள்."

கிரீவ்ஸ் தம் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். சிவப்பு வெல்வெட்டில் ஏழு பள்ளங்கள். ஆறில் ஆறு துப்பாக்கிகள். எல்லாவற்றுக்கும் அனுமதிப் பத்திரம் இருந்தது. அவருடைய பாட்டனார் விட்டுப்போன, தந்தப் பிடி போட்ட நீளத் துப்பாக்கி நடுவில் மின்னியது. காணாமற்போனது கடைசிப் பள்ளத்தில் இருந்த குட்டி ரிவால்வர்.

"இவற்றுள் விலை கூடியது?" என்று கேட்டார் ஞானேஸ்வரி.

"என் பாட்டனாருடையது."

"விலை குறைந்தது?"

"களவுபோனது. திருடத் தெரியாதவன் திருடினால் அப்படித்தான். அந்தப் பையன்மீது எனக்குக் கோபமில்லை, அம்மணி. ஆயுதத்தோடு வளர்வதற்கும் ஒரு பண்பாடு வேண்டும். சுவிட்சர்லாந்துக்கு அது உண்டு. எங்களுக்கு உண்டு. எங்கள் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது ஒவ்வொருவருடைய உரிமை."

"ஒவ்வொருவருடைய?"

"ஒவ்வொருவருடைய. நிறம் பார்ப்பதே இல்லை. ஜார்ஜியாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கறுப்பினப் பல்மருத்துவர். மிக நல்ல மனிதர். அவர் ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கினார். சட்டப்படி, முழு உரிமையோடு."

"பிறகு?"

"தெருக்காரர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பொதுவாகப் பேச. மக்களுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது."

"கூட்டம் யார் வீட்டில்?"

"என் வீட்டில். வரவேற்பறை பெரிது."

"அப்போது உங்களிடம் எத்தனை துப்பாக்கிகள்?"

"பதினொன்று."

"மக்கள் பயப்படவில்லையா?"

கிரீவ்ஸ் உண்மையாகவே வியந்தார். "என்னை அவர்களுக்குத் தெரியுமே."

ஞானேஸ்வரி தலையசைத்தார். நீதிமன்றத்தில் ஒரு வாக்கியம் தானே முடிந்து, தானே முற்றுப்புள்ளியும் வைத்துக்கொண்டால், அதற்குமேல் அவர் எதையும் சேர்ப்பதில்லை.

"பல்மருத்துவர் அதைத் திருப்பிக் கொடுத்தாரா?" என்று யேசுதாசன் கேட்டான்.

"வீடு மாறினார். அது அவருடைய உரிமை."

வாசலருகே கொளுவியில் கறுப்புப் பஞ்சுக் கோட்டு ஒன்று தொங்கியது. மலிவுக் கடைகளில் எல்லாரும் வாங்குகிற வகை. கையில் எடுத்துப் பார்க்காமலே யேசுதாசனுக்கு அளவு தெரிந்தது. கிரீவ்ஸ் போட்டால் கோட்டின் கை அவருடைய முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். கழுத்துப்பட்டியின் உள்வளையத்தில் சிவப்பு நூல் ஒன்று முடிச்சிடப்பட்டிருந்தது. கோயிலில் மணிக்கட்டில் கட்டுகிற நூல். அதைக் கோட்டில் கட்டுவது எதற்கென்று இந்த நாட்டுத் தமிழர் அனைவருக்கும் தெரியும். மண்டபத்தில் முந்நூறு கறுப்புக் கோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கையில், வீட்டுக்காரி தன் புருஷனுடையதைக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா.

ஞானேஸ்வரி அதைப் பார்த்தார் என்பது யேசுதாசனுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவர் அதன் பிறகு அதைப் பார்க்கவே இல்லை.

*

"அக்கா, உந்தக் கோட்டு அந்தாளின்ர இல்லை" என்றான் யேசுதாசன், காரை ஏரிக்கரைச் சாலையில் திருப்பிக்கொண்டே. "அது போட்டால் மனிசன் உடுப்புச் சுருங்கின பொம்மை மாதிரி இருப்பார்."

"ஞாயிற்றுக்கிழமை அவர் கோட்டைக் கழட்ட விரும்பினவரோ?"

"இல்லையே. நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். குளிராக்கும் எண்டு நினைச்சன். சோறு குழைக்கக் கோட்டோட ஏலுமோ? பெண்டுகள் விடேல்லை. கழட்டிக் குவியலில எறிஞ்சுபோட்டு, சட்டைக் கையை மடிச்சுவிட்டு, இலையில இருத்திப்போட்டினம்."

"திருடன் விலையைப் பார்ப்பான்" என்றார் ஞானேஸ்வரி. "பயந்த மனிசன் சட்டைப்பைக்கு எது கொள்ளும் எண்டு பார்ப்பான்."

யேசுதாசன் வேகத்தைக் குறைத்தான். "பூப்புனித நீராட்டு விழாவுக்குத் துவக்கோடயோ வந்தவர்? வடைக்குப் பயந்தோ?"

"வீட்டில வச்சிருக்கத்தான் அவருக்கு அனுமதி. பையில போட்டுக்கொண்டு திரிய இல்லை. துலைச்சிட்டன் எண்டு சொன்னால் அலுமாரி முழுக்கப் பறிபோகும். களவுபோச்சுது எண்டால் ஒண்டும் போகாது. ஆனால் களவுபோக ஆராவது வீட்டுக்கு வரவேணும். அதுக்குத்தான் செவ்வாய்க்கிழமைவரைக்கும் காத்திருந்தவர்."

"பிறகேன் அந்தக் கோட்டை வாசலில கொளுவி வச்சிருக்கிறார்? ஒளிச்சிருக்கலாமே."

"ஒளிக்கிறதெண்டால், தன்னையும் ஆரும் சந்தேகிப்பினம் எண்டு முதல் தோன்ற வேணும்."

அவர்கள் இப்போது ஷ்லீரனுக்குள் திரும்பியிருந்தார்கள். கிரீவ்ஸின் உண்மையான கோட்டு முந்நூறு வீடுகளில் ஏதோ ஒன்றில் தொங்குகிறது என்று யேசுதாசன் மனதுக்குள் கணக்கிட்டான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேநீர் என்றால் மார்கழி வந்துவிடும்.

"எங்க இருந்து தொடங்குறது அக்கா?"

"ஒரு வீடு காணும். சிவகலாவின்ர வீட்டுக்கு விடும்."

*

சிவகலாவின் வீடு நாலாம் மாடி. வெளியே இலையுதிர்கால வெய்யில் நன்றாக எறித்தது. ஆனால் உடுப்புகள் எல்லாம் வரவேற்பறைக்குள், கதிரைகளின் முதுகிலும் தொலைக்காட்சியின் மீதும் காய்ந்துகொண்டிருந்தன. பல்கனிக் கதவு பூட்டியிருந்தது, திரையும் இழுத்துவிடப்பட்டிருந்தது.

"வெய்யில் வெளிய நிக்குது, உடுப்பு உள்ள நிக்குது" என்றான் யேசுதாசன். "ரெண்டுக்கும் கோபமோ, அக்கா?"

சிவகலா சிரிக்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவருடைய கணவர் தவச்செல்வன், பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த மாவோடு, மூலைக் கதிரையின் விளிம்பில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சிவகலாவுக்கு வேலை. மண்டபத்துக்குப் போனவர் தவச்செல்வன் மட்டும்.

"நான் பொய் சொல்லேல்லை, அக்கா" என்று சிவகலாவே ஆரம்பித்தார். "காதில கேட்டதைச் சொன்னன். துவக்கெடு எண்டுதான் கேட்டது. சத்தியமா."

"கேட்டது உண்மை" என்றார் ஞானேஸ்வரி. "ரெண்டு வருசமா உங்களுக்கு அந்தச் சொல்லு மிஷினைத்தான் சொன்னது. முதல் வாரம் பகிடியும் விட்டனீங்கள். நேற்று மட்டும் அது துவக்காக் கேட்டது ஏன்? அதுதான் நான் கேக்க வந்தது."

சிவகலா கணவரைப் பார்த்தார். தவச்செல்வன் தம் கையிலிருந்த மாவைப் பார்த்தார்.

"துவக்கு உள்ள வீட்டுக்குத்தான் அந்தச் சொல்லு அப்பிடிக் கேக்கும்" என்றார் ஞானேஸ்வரி, குரலை உயர்த்தாமல். "பல்கனியிலயோ?"

தவச்செல்வன் எழுந்து திரையை விலக்கினார். பல்கனியில், கவிழ்த்த பெரிய பிளாஸ்டிக் வாளியொன்றின் கீழே, கறுப்புக் கோட்டு ஒன்று கிடந்தது. வாளியின் மேல் ஒரு செங்கல் இருந்தது. கோட்டு எழும்பி ஓடிவிடும் என்று பயந்ததுபோல.

"ஞாயிறு இரவு கோட்டை மடிச்சுக் கையில போட்டுக்கொண்டு வீட்ட வந்து, கதவுத் திறப்பை எடுக்க அதுக்குள்ள கையை விட்டன்" என்றார் தவச்செல்வன். "இரும்பு பட்டுது. நான் அதை வெளிய எடுக்கேல்லை, தங்கச்சி. பார்க்கக்கூட இல்லை. தொட்ட உடன விளங்கிச்சுது. விளங்கின கைதானே." அவர் சற்று நிறுத்தினார். "எனக்கும் இலங்கைப் பாஸ்போட்டு. பொலிசுக்குக் கொண்டுபோறதெண்டால் அஞ்சு நிமிசம் றோட்டால நடக்கவேணும். அந்த அஞ்சு நிமிசம் நான் ஆர்? கோட்டு மாறின ஆளோ, துவக்கோட போற தமிழனோ?"

"பேசாமல் றோட்டில எறிஞ்சிருக்கலாமே" என்றான் யேசுதாசன்.

"ஒரு பிள்ளை எடுத்தால்?"

யேசுதாசன் திரையைத் திரும்ப இழுத்துவிட்டான்.

"செவ்வாய்க்கிழமை காலமை அந்த வீட்டுக்குள்ள போறன்" என்றார் சிவகலா, "வாசலில இவரின்ர கோட்டுத் தொங்குது. நான் கட்டின நூல். இவர் கொண்டுவந்தது ஆரின்ர துவக்கு எண்டு அப்பதான் விளங்கிச்சுது. அந்த நேரம் பார்த்துக் கீழ போனில அந்தச் சொல்லு. பின்னேரம் பொலிஸ் ஏதும் கேட்டனீங்களோ எண்டு கேட்கேக்க, வாயில வந்தது அது ஒண்டுதான். ஜெனுசனை மாட்டவெண்டு நினைக்கேல்லை. இவரை நினைச்சன்."

"நினைச்சது ஒருத்தரை, மாட்டினது இன்னொருத்தரை" என்றார் ஞானேஸ்வரி. அதில் கடுமை இருந்தது. "அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு நேர்முகம். இப்ப பொலிசைக் கூப்பிடப்போறன். நீங்கள் இதே சொற்களை, இதே ஒழுங்கில வாற அதிகாரிக்குச் சொல்லுவீங்கள். நான் மொழிபெயர்ப்பன். ஒரு சொல்லுக் குறையாது."

*

விசாரணையை நடத்திய பொலிஸ் அதிகாரி திருமதி எக்லி சாதாரண உடையில் வந்தார். பிளாஸ்டிக் வாளியையும் செங்கல்லையும் பார்த்துவிட்டு, பயிற்சிக் கல்லூரியில் இதைச் சொல்லித்தரவில்லை என்றார். கையுறை போட்டுக் கோட்டின் பையிலிருந்து ரிவால்வரை எடுத்து உறையில் இட்டார். ஞானேஸ்வரி அவரிடம் ஐந்து நிமிடம் ஜெர்மனில் பேசினார். திருமதி எக்லி முதலில் இல்லை என்று தலையாட்டினார், பிறகு புன்னகைத்தார், பிறகு யேசுதாசனைச் சமையலறைக்கு அனுப்பினார். அவன் இஞ்சி இடிக்கும் சின்னப் பித்தளை உலக்கையோடு திரும்பினான். அது கோட்டுப் பைக்குள் சென்றது.

கிரீவ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தவர் ஞானேஸ்வரி. "உங்கள் கோட்டு ஒரு வீட்டில் கிடைத்திருக்கிறது. மாறிப்போனதை அவரும் தேடுகிறார்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

தால்வில்லிலிருந்து ஷ்லீரனுக்கு எவ்வளவு விரைவாக வரலாம் என்பதை யேசுதாசன் அன்று அறிந்துகொண்டான். திருமதி எக்லி சமையலறைக்குள் நின்றார். கிரீவ்ஸ், நூல் கட்டிய கோட்டை ஒரு கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். ஞானேஸ்வரிக்கு வணக்கம் இல்லை. தேநீருக்கு மறுப்பும் இல்லை. தவச்செல்வன் கறுப்புக் கோட்டை நீட்டினார். கிரீவ்ஸின் வலக்கை நேரே வலது பைக்குள் போனது. அங்கே கனமாக, குளிர்ந்ததாக ஒன்று அகப்பட்டது. அவர் முகத்தில் அத்தனை நாள் இறுக்கமும் தளர்ந்தது.

"எதுவும் குறைகிறதா?" என்று ஞானேஸ்வரி கேட்டார்.

"இல்லை. எல்லாம் இருக்கிறது." அவர் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்.

"நல்லது" என்றார் திருமதி எக்லி, சமையலறை வாசலிலிருந்து. "அப்படியானால் களவுபோனது எதுவும் இல்லை. எடுத்துக் காட்டுங்கள்."

கிரீவ்ஸ் எடுத்தார். வரவேற்பறை நடுவில், காய்கிற உடுப்புகளுக்கிடையே, பித்தளை உலக்கையை ஏந்தியபடி அந்த உயரமான மனிதர் நின்றார். அதைக் குறிபார்ப்பதா, கீழே போடுவதா என்று தெரியாதவர்போல இருந்தார்.

"இஞ்சிக்கு நல்லது" என்றான் யேசுதாசன். "அனுமதிப் பத்திரம் தேவையில்லை."

திருமதி எக்லி உறையிலிட்ட ரிவால்வரைக் காட்டினார். "இதை ஏன் அந்த விழாவுக்குக் கொண்டுபோனீர்கள், ஐயா?"

"என் பாதுகாப்புக்கு. அது தொழிற்சாலைப் பகுதி. அங்கே எனக்கு யாரையும் தெரியாது."

"யாரிடமிருந்து பாதுகாப்பு?"

கிரீவ்ஸ் வாயைத் திறந்தார். எதிரே சிவகலா தேநீர்த் தட்டோடு நின்றார். தவச்செல்வன் தம் சிறிய கோட்டைத் தோளில் போட்டபடி நின்றார். யேசுதாசன் மிகுந்த அக்கறையோடு பதிலுக்காகக் காத்திருந்தான். அந்தக் கேள்விக்கு விடை அறை முழுவதும் நின்றது. ஆனால் அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் இயலவில்லை.

"என் வழக்கறிஞரோடு பேச வேண்டும்" என்றார் கடைசியில்.

"அது ஒவ்வொருவருடைய உரிமை" என்றார் ஞானேஸ்வரி.

அதன் பிறகு தவச்செல்வன் தம்மையும் கைது செய்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தார். திருமதி எக்லி அவரிடம் ஒரு வாக்குமூலம் மட்டும் வாங்கினார். இனி இப்படி ஏதும் கிடைத்தால் கையோ வாளியோ படாமல் தொலைபேசி எடுக்கச் சொன்னார். ஞானேஸ்வரி விடவில்லை. ஜெனுசன்மீது சந்தேகமோ விசாரணையோ இல்லை என்று குடியுரிமைக் குழுவுக்கு மின்னஞ்சல் போகும்வரை அவர் அந்த அதிகாரியின் தோளருகே நின்றார். அதில் ஒரு காற்புள்ளி தவறிய இடத்தையும் சுட்டிக்காட்டினார்.

*

வியாழன் மாலை, நகரசபைக் கட்டடத்தின் முன் காருக்குள் ஞானேஸ்வரியும் யேசுதாசனும் காத்திருந்தார்கள். யேசுதாசன் குழுவிலுள்ளவர்களைப் பற்றி ஏழு பகிடிகளை ஆயத்தமாக வைத்திருந்தான். ஜெனுசன் படியிறங்கி வந்த முகத்தைக் கண்டதும் அத்தனையையும் மறந்தான்.

"என்னடா? மின்னஞ்சல் கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது, அண்ணை. வடிவாக் கதைச்சவை. ஆறு, மலை, வாக்கெடுப்பு எல்லாம் சொன்னன்." அவன் பின்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினான். "கடைசியா ஒரு ஐயா கேட்டார். குடியுரிமை கிடைச்சால் உம்மட வயசுக்கு ஆமியில சேர வேணும், சம்மதமோ எண்டு. ஓம் எண்டன். அப்ப உமக்கு ஒரு ரைபிள் தருவினம், வீட்டில எங்க வச்சிருப்பீர் எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள், தம்பி?" என்று கேட்டார் ஞானேஸ்வரி.

"ஒண்டும் சொல்லேல்லை, அன்ரி. ரைபிள் எண்ட சொல்லைக் கேட்ட உடன, நான் அறியாமலே ரெண்டு கையும் மேல போயிட்டுது. இப்பிடி." அவன் காட்டினான், கைகள் காரின் கூரையில் முட்டின. "பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சவை. பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை."

"பிறகு?"

"குழுத் தலைவர் எழும்பி வந்து, வாழ்த்துகள் எண்டு கை நீட்டினவர். அதைப் பிடிக்கிறதுக்கு நான் முதல் என்ர கையை இறக்க வேண்டியிருந்தது."